கஞ்சி போகாத சாரன்

மருதமுனையில் எனக்கு ஒரு தறி இருக்கிறது. எட்டு வயது மகனுக்குச் சுன்னத்து செய்தபோது, அவன் உடுக்கவென்று நானே ஒரு வெள்ளைச் சாரன் நெய்தேன். தறியிலிருந்து அறுத்த கையோடு, கஞ்சி மொடமொடப்பு மாறாமலே உடுத்திவிட்டேன்.

சில நாட்களில் காயத்தைச் சுற்றித் தோல் சிவந்து தடித்துவிட்டது. காயம் பழுத்துவிட்டதோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"காயத்துக்கு ஒண்டுமில்ல. கஞ்சித் துணி உரசித்தான் தோல் புண்ணாகியிருக்கு. கழுவின பழைய துணியா உடுத்துங்க" என்றார் டொக்டர்.

"ஏன் மகன் சொல்லல்ல?" என்று அவனிடம் கேட்டேன்.

"நீங்க நெய்த சாரன் தானே, வாப்பா. கழட்டினா கவலப்படுவீங்க."

என் மனைவி இருந்தவரை, ஊறவைத்து அலசாத புதுத்துணி எதையும் பிள்ளையின் உடம்பில் பட விடமாட்டாள். அவள் மௌத்தான பிறகு எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. அவளுடைய பழைய பருத்திச் சேலையைக் கிழித்து உடுத்திவிட்டேன். அதில்தான் அவனுக்கு ஆறியது.

இப்போது சுன்னத்து வீட்டுக்கென்று யார் சாரன் கேட்டாலும், கஞ்சி போகும்வரை அலசிக் காயவைத்தே கொடுக்கிறேன். புதிது போல இல்லையே என்று சிலர் குறைப்படுவார்கள்.

"என்ட பொஞ்சாதி கழுவாமக் குடுக்க உடமாட்டா" என்று சொல்லிவிடுகிறேன்.