பள்ளிக்கூடத்துல அறுத்து வச்ச வலம்புரி

அதுக்குத்தான் சொல்லுதேன், தூத்துக்குடிக்குப் பள்ளிக்கூடத்துப் பொருட்காட்சி பாக்கப் போறவுக நெஞ்சக் கொஞ்சம் தைரியப்படுத்திட்டுப் போங்க. நான் முருகனக் கும்பிட்டுத்தான் போனேன். அப்படியும் பதறிட்டேன்.

ஏன் போனேன்னா, என் தம்பி ராசதுரை அங்கன கருப்பட்டிக் கட வச்சிருக்கான். அவன் மவ கனி எட்டாங் கிளாசு. அந்தப் பள்ளிக்கூடம் எட்டோட சரி, ஒம்பதுக்கு வேற பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸுல போவணும். பொட்டப்புள்ளைக்கு இது போதும்னு அவன் நெனைக்கான், புள்ள அழுதுகிட்டுக் கெடக்கு. கடைசியில, 'பொருட்காட்சி வைக்காவளாம், எங்கக்கா வந்து பாத்துட்டு என்ன சொல்லுதாளோ அதான்'னுட்டான். தாயில்லாம நான் வளத்த தம்பி, என் பேச்ச மட்டுந்தான் கேப்பான். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வர ஆரம்பிச்ச சமயம் அது.

எங்க ஊரு உடன்குடியில காலையில மொத பஸ்ஸு. திருச்செந்தூர்ல எறங்கி, சாமி கும்பிட்டுட்டு, அங்கன அடுத்த பஸ்ஸு. ரெண்டுக்கும் சேத்து ரெண்டரை ரூவாக்குள்ள முடிஞ்சிட்டு. ஆத்தூர்ல வெத்திலக் கூடையா ஏத்துனாவ. ஒரு கூடை எடமில்லாம என் மடிக்கே வந்துட்டு.

"ஏலே தம்பி, இதுக்கும் சேத்தா என்கிட்ட டிக்கெட்டு வாங்குன?"ன்னு கண்டக்டர்கிட்ட கேட்டேன்.

"எறங்கும்போது ரெண்டு வெத்தில உருவிக்கிடுங்க ஆச்சி, சரியாப் போவும்"ங்கான்.

நான் உருவல. கோயிலுக்குப் போயிட்டு வாரவ அப்படிச் செய்யலாமா. நீங்க போனா வலது பக்கச் சன்னல்ல உக்காராதீங்க, ஊரு நெருங்கயில உப்பளத்து வெயிலு கண்ணக் குத்தும்.

பஸ் ஸ்டாண்டுல தம்பி நின்னான். நேரா பள்ளிக்கூடம். உள்ள நொழஞ்சதுமே ஒரு மேசையில கண்ணாடிப் பாட்டில், அதுக்குள்ள கடல்குதிர. குதிர மூஞ்சி, கொரங்கு வாலு, ஒரு விரல் நீளந்தான். நான் பயந்து தம்பி சட்டையப் புடிச்சிட்டேன். அடுத்தாப்புல களிமண்ணுல துறைமுகம், தீப்பெட்டியில செஞ்ச கப்பலு. அப்புறம் முத்துச்சிப்பி, வாயப் பொளந்து வச்சிருந்தாவ. உள்ள முத்து இல்ல, வெறுஞ் சதை. "இவ்வளவுதானா?"ன்னு கேட்டேன். "எல்லாத்துலயும் முத்து இருந்தா நாங்க ஏன் இங்கன படிக்கோம்?"னு அந்த மேசைப் புள்ள சொல்லுது. எம்புட்டு வாயி பாருங்க.

அதுக்கு அடுத்தது கனியோட மேசை. புள்ள ரெட்டச் சடை போட்டு நிமிந்து நிக்கா. அவ முன்னால ஒரு பெரிய சங்கு, சரி நடுவுல ரம்பத்தால அறுத்து, ரெண்டு பாதியா மல்லாக்கப் போட்டிருக்கு. பக்கத்துல அட்டையில கொட்ட எழுத்துல 'வலம்புரி'.

நான் அஞ்சாங் கிளாசுதான், ஆனா எழுத்துக்கூட்டிப் படிச்சிருவேன். பெருமாள் கையில இருக்க சங்கு. வீட்டுல ஒண்ணு இருந்தா மகாலச்சுமியே குடியிருக்கான்னு சொல்லுவாவ.

"ஏளா, சாமிய ரெண்டா அறுத்துப் போட்டிருக்கியே"ன்னு கத்திட்டேன். பள்ளிக்கூடமே திரும்பிப் பாத்துச்சு.

தம்பிக்கு மூஞ்சி செவந்துட்டு. "இதுக்குத்தான் ஒனக்கு ஒம்பதாங் கிளாசா? எல்லாத்தயும் எடுத்து வையி, வீட்டுக்கு நட"ன்னான். கனி அழல. உதட்டக் கடிச்சிட்டு என்னையவே பாக்கா. என் ஒத்தச் சத்தத்துல அந்தப் புள்ள படிப்பு போவப் பாக்குன்னு அப்பத்தான் ஒறைச்சுது.

அந்நேரம் கூட்டத்துலருந்து சங்கு வியாபாரி ஒருத்தரு சிரிச்சுகிட்டே வந்தாரு. "அக்கா, பதறாதீங்க. சங்கு நாந்தான் குடுத்தேன். வலம்புரிய அறுக்கக் குடுக்க எனக்கென்ன பைத்தியமா? இது இடம்புரி. வளையலுக்கு அறுக்குத சங்கு."

"இல்ல அண்ணாச்சி, வலந்தான்"னா கனி. ரெண்டு பாதியயும் சேத்துப் புடிச்சு, ஊதுத பக்கத்த மேல வச்சுக் காட்டுனா. சங்கோட பொளந்த வாயி வலது பக்கந்தான் இருந்துச்சு. "புத்தகத்துல படம் இப்படித்தான் போட்டிருக்கு."

அவரு அத வாங்கித் தலைகீழாத் திருப்புனாரு. ஊதுத பக்கம் கீழ, வாலு மேல. "நாங்க புடிக்கது இப்படி. இப்பச் சொல்லு தாயி." வாயி இடது பக்கம் போயிட்டு.

கனி அத வாங்கி அவளும் ஒரு தடவ திருப்பிப் பாத்தா. பொறவு பென்சில எடுத்து, 'வலம்புரி'ய அடிச்சிட்டு எழுதுனா: 'புத்தகத்தில் பிடித்தால் வலது. சங்குக் கடையில் பிடித்தால் இடது. சங்கு ஒன்றுதான்.'

அண்ணாச்சி அத ரெண்டு தடவ படிச்சாரு. தம்பி சங்க வாங்கி, மேலயும் கீழயுமாத் திருப்பித் திருப்பிப் பாத்துகிட்டே நின்னான். நானும் அப்பத்தான் உள்ள பாத்தேன். நடுவுல ஒரு தூணு, அதச் சுத்தி வெள்ளவெளேர்னு மாடிப்படி மாதிரி ஏறிப் போவுது. இத்தன வருசமா ஊதுத சத்தந்தான் கேட்டிருக்கேன், உள்ள இப்படி ஒரு வீடு இருக்கும்னு யாரு கண்டா.

வெளிய வந்ததும், "நீ என்னக்கா சொல்லுத?"ன்னான் தம்பி.

"ஒம்பதுக்கு அனுப்பு"ன்னேன். "பஸ்ஸுக் காசு கருப்பட்டி குடுக்கும்." அனுப்பிட்டான்.

நீங்க போறதா இருந்தா காலையிலயே போயிருங்க, மத்தியானம் கூட்டம் நெரிக்கும். தண்ணி கொண்டு போங்க, அங்கன தண்ணி உப்புக் கரிக்கும். புள்ளைங்க எத வச்சிருந்தாலும் மொதல்ல என்னன்னு கேளுங்க, பொறவு கத்துங்க.

அய்யோ, இப்பத்தான் நெனவு வருது. எங்க வீட்டு முருகன் படத்துக்கு முன்னால ஒரு வலம்புரி இருக்கே, தெனமும் பூ வைக்கேனே, அத வித்தவன் என்கிட்ட காட்டும்போது ஊதுத பக்கத்த மேல வச்சுத்தான் 'வாயி வலது பக்கம் பாருங்க'ன்னு புடிச்சிருந்தான்.