ஆடியில் பார்த்த ஹோட்டல்

திருச்சி பெரியகடை வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பீமராவ், ஊரில் பாதிப்பேரின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தவர். அதனால் அவர் முகமும் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் எனக்கு எதிர் வீடு. மனைவி இறந்து ஆறு வருடமாகத் தானே சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுப்பார். ஒரே மகள் தேவதர்ஷினி புனேயில் இருக்கிறாள். கடையை மூடிவிட்டு அப்பா தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். வர மாட்டேன் என்பது இவர் பிடிவாதம்.

போன ஆடி மாதம் ஒரு காலையில், பால் வாங்கப் போன இடத்தில் என்னை ஓரமாக இழுத்தார். முகம் பரீட்சையில் பாஸானவன் முகம் மாதிரி இருந்தது.

"அண்ணே, ஒருத்தங்களைப் பேசி வச்சிருக்கேன்."

"சமையலுக்கா?"

"சாப்பிடறதுக்கு! என் எதிர்ல உக்காந்து சாப்பிடறதுக்கு."

தனியாக இருப்பவர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு துணைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறதாம். தஞ்சாவூரிலிருந்து டெல்பின் என்ற ஐம்பது வயதுப் பெண்மணி வருவார். ஒரு மாலைப்பொழுது, சாப்பாடு, பேச்சு. அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று போனிலேயே பேசி முடித்திருந்தார். எனக்கு அதிர்ச்சியாக இல்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"வீட்டுக்கு வரச் சொன்னா, அவங்க செருப்பைக் கழட்டறதுக்குள்ள தெரு பூரா தெரிஞ்சுடும். நல்ல ஹோட்டலா இருக்கணும், சௌகரியமா இருக்கணும், தெரிஞ்சவன் ஒருத்தன் கண்ணுல படக் கூடாது. மக காதுக்குப் போச்சுன்னு வைங்க, அப்பாவுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு அடுத்த ரயிலே புனேதான்."

அமெரிக்காவிலிருந்து என் மகன் வருகிறான், தங்க இடம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இருவரும் ஹோட்டல் பார்க்கப் புறப்பட்டோம். முதல் ஹோட்டலில் வாசல் காவலர் சல்யூட் அடித்தார். "கண்ணாடிக்கடை சார், ஃப்ரேம் லூசாயிடுச்சு, கொஞ்சம் பாக்கறீங்களா?" ராவ் சட்டைப் பையிலிருந்து குட்டி ஸ்குரூடிரைவரை எடுத்து அங்கேயே திருகிக் கொடுத்தார். தெருவுக்கு வந்ததும், "இது வேணாம்ணே" என்றார். இரண்டாவது ஹோட்டலின் சோபா அவரை அப்படியே விழுங்கிவிட்டது. நான் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. "அவங்க முன்னாடி இப்படியா எந்திரிக்கறது?"

மூன்றாவது, கன்டோன்மென்ட் பக்கம். கார் பின்பக்கம் போய் நிற்கிறது. அங்கிருந்தே மாடி ரெஸ்டாரன்ட்டுக்கு லிஃப்ட். நாற்காலிகளுக்கு உயரமான முதுகு. கம்பளத்தில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. வரவேற்பில் இருந்த பெலிண்டா என்ற பெண் தேவையில்லாத கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஒரு காபியை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். தெரிந்த முகம் ஒன்றுகூட வரவில்லை. கீழே பெரிய ஹால் ஒன்று பூட்டிக் கிடந்தது.

"ஏகாதசி அன்னிக்கு அடுப்படி மாதிரி எவ்வளவு அமைதி பாருங்கண்ணே!"

"அப்ப இந்த வாரமே வரச் சொல்லலாமே?"

"ஆடியில யாராவது நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா?" என்று கடிந்துகொண்டு, காலண்டரைப் பார்த்து ஆவணியில் முதல் நல்ல நாளைக் குறித்து, விருந்தாளி வருவது யார் கண்ணிலும் படக் கூடாது என்று பெலிண்டாவிடம் மாடியில் மேஜை சொல்லி வைத்தார்.

அந்த மாலை வந்தது. புதுச் சட்டை, மீசைக்கு மை, அரும்பிய வேர்வை. காவலுக்கு நானும் ஆட்டோவில் கூடப் போனேன். ஹோட்டல் வாசலில் திரும்பியதுமே ராவ் என் கையை இறுகப் பிடித்தார். இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை, சீரியல் லைட், நாகஸ்வரம். ஆடி முழுக்கப் பூட்டிக் கிடந்த ஹால் திறந்திருந்தது. இவர் குறித்த நாளையே ஊரும் குறித்திருந்தது. கூட்டத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ராவ் கடைக் கண்ணாடி.

"கண்ணாடிக்கடை ஐயா!" ஜீயபுரத்து வாழைக்காய் வியாபாரி நல்லுசாமி ஓடி வந்தார். அவர் மகளுக்குத்தான் வரவேற்பு. "பத்திரிகை வைக்க விட்டுப்போச்சேன்னு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பெரிய மனசு பண்ணித் தானா வந்துட்டீங்க!"

அதற்குள் பெலிண்டா பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "சார், மேடம் பின்னாடி வந்துட்டாங்க. யாரும் பாக்க மாட்டாங்க. லிஃப்ட்ல நேரா மேல போயிடலாம்."

நான் உயிர் வந்தவனாய் ராவைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். சமையல்காரர்கள் இறக்கி வைத்த அண்டாக்களுக்கு நடுவே, கடுகு நிறப் பருத்திப் புடவையில் டெல்பின் நின்றிருந்தார்.

"பீமராவ் சார்தானே? போட்டோவுல இருக்கறத விட நல்லா இருக்கீங்க."

ராவ் புதுச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நீங்க முதல்ல போங்க சார். நான் கொஞ்ச நேரம் கழிச்சு வரேன். பழக்கம்தான், எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க." வருத்தமில்லாமல், மழை பெய்கிறது என்பது போல அதைச் சொன்னார்.

லிஃப்ட் கதவு திறந்தது. ராவ் உள்ளே போகவில்லை.

"முன்னாடி நாகஸ்வரம் ரொம்ப நல்லா இருக்குங்க. அந்த வழியாவே போலாம், வாங்க."

"ராவ், புனே!" என்றேன்.

"தெரியும்ணே."

முன் வாசலில் நல்லுசாமி கையில் பன்னீர்ச் செம்போடு நின்றார். "அம்மா யாருங்க? உறவா?"

"உறவு இல்லீங்க. பேரு டெல்பின். எங்கூடச் சாப்பிட வந்திருக்காங்க."

பன்னீர்ச் செம்பு அந்தரத்தில் நின்றது. பின்னால் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நல்லுசாமி என்னைப் பார்த்தார், ராவைப் பார்த்தார், பிறகு டெல்பின் மேல் தாராளமாகவே தெளித்தார்.

"அப்ப வெளியில எதுக்குச் சாப்பிடணும்? பந்தி போட்டாச்சு, வாங்க."

"பொண்ணு மாப்பிள்ளையப் பாத்து வாழ்த்திட்டு மாடிக்குப் போறோங்க. பந்தியில பக்கத்துலதான் உக்கார முடியும். எனக்கு எதிர்ல ஆள் வேணும்."

சொன்னபடியே வாழ்த்திவிட்டு, ஊரே பார்க்க இருவரும் நடு மாடிப்படியில் ஏறிப் போனார்கள். நான் பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் வருவதற்குள் புனேயிலிருந்து போன். யாரோ படம் அனுப்பிவிட்டார்கள்.

"பெரியப்பா, அப்பா கூட யாரோ ஒரு லேடி இருக்காங்களே? என்ன நடக்குது அங்க?"

"இரும்மா, பாத்துச் சொல்றேன்."

மாடிக்குப் போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ராவ் இரண்டு கையையும் வீசி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். டெல்பின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சூப்பில் ஆடை கட்டியிருந்தது.

"பேசிக்கிட்டிருக்காரும்மா. நிறுத்தவே இல்ல. தட்டுல எதையும் தொடக்கூட இல்ல."



"அப்ப இப்போ கூப்பிடல. நாளைக்கு நானே அவர்கிட்ட கேட்டுக்கறேன்" என்றாள். கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் கீழே வருவதற்குள் என் இலையை எடுத்துவிட்டிருந்தார்கள்.