சுடலை வாசலில் என் தங்கச்சி

என் கணவர் யோசேப்பு இறந்து மூன்றாம் நாள் வரை அவரைப் புதைக்க எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கர்த்தர் என் செபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன். எப்படிக் கேட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது உங்களில் சிலருக்குப் பிடிக்காது.

இறக்கக்கண்டிக்கு இந்தப் பக்கம் உள்ள கரையோர ஊர் எங்களுடையது. மீன்பிடிக் குடும்பம். யுத்தத்தில் எங்கள் மகன் காணாமல் போனான். கோயிலில் வைத்த நேர்த்திகள் எதுவும் அவனைத் திருப்பித் தரவில்லை. அந்த நாட்களில் இந்தச் சபையார் வந்து என்னோடு நிலத்தில் இருந்து அழுதார்கள். வேறு யாரும் அப்படி அழவில்லை. நாங்கள் இருவரும் ஞானஸ்நானம் எடுத்தோம். அன்றிலிருந்து ஊருக்கு நாங்கள் வேதக்காரர்.

போன வருடம் ஐப்பசி. முதல் மழை விழுந்த திங்கட்கிழமை காலை, தோணியைக் கரையில் இழுத்து ஏற்றிவிட்டு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பின்னேரம் மயானத்தில் குழி வெட்டப் போன சபைப் பிள்ளைகளை ஊரார் திருப்பி அனுப்பினார்கள். அது எல்லாருக்கும் பொதுவான காணி. ஆனால் மதில் கட்டி இரும்புக் கேற் போட்டது ஊர்க் கோயில் நிர்வாகம். கேற்றைப் பூட்டும் திறப்பும் அவர்களிடம். நிர்வாகத் தலைவர் சண்முகத்தின் வீட்டுக்கு நானே போனேன். செத்த வீட்டிலிருந்து வந்தவள் என்று படலைக்கு வெளியே நிற்க வைத்தார்.

"உங்கட வேதக்காரர் என்ன செய்தவங்கள் தெரியுமோ? கோணேசர் கோயிலை இடிச்சுக் கடலுக்க தள்ளினவங்கள். அந்தக் கல்லால கோட்டை கட்டினவங்கள்" என்றார்.

நானூறு வருடங்களுக்கு முன் பறங்கி செய்ததை என் கணவரின் பெட்டி மேல் ஏற்றினார். ஞானஸ்நானம் எடுக்கும் வரை ஊர்க் கோயில் தேருக்கு வருடம் தவறாமல் வடம் பிடித்தவர் என் கணவர். அதைச் சொன்னேன். சண்முகம் கேட்கவில்லை. பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் குத்தியது.

"உங்கட அம்மா செத்த அண்டைக்கு நீங்கள் ரோட்டிலதானே நிண்டனீங்கள்? இப்ப மட்டும் எங்கட சுடலை வேணுமோ?"

அது உண்மை. எட்டு வருடங்களுக்கு முன் அம்மா இறந்தபோது, அந்தச் சடங்குகளில் கை வைத்தால் பாவம் என்று எங்கள் பாஸ்டர் சொன்னார். நான் ரோட்டிலேயே நின்றேன். என் தங்கச்சி மலர் உள்ளங்கையில் அரிசியோடு ஓடி வந்தாள். "அக்கா, ஒரு பிடி. அம்மாவின்ர வாயில மட்டும் போட்டிட்டுப் போங்கோ." நான் தலையை ஆட்டினேன். அதை விசுவாசம் என்று நினைத்தேன். நாலு வளவு தள்ளித்தான் மலரின் வீடு. அதன் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பட்டினத்தில் வேறொரு சபையின் சேமக்காலையில் புதைக்க இடம் கேட்டோம். உங்கள் பெயர் எங்கள் பதிவில் இல்லை என்றார்கள். பொலிஸில், ஊரோடு கதைத்து முடியுங்கள் என்றார்கள். உடலைப் பதப்படுத்தியவர், புதன்கிழமைக்கு மேல் வைக்க ஏலாது என்றார். பாஸ்டர், "இது சோதனை, ஸ்தோத்திரம் சொல்லுங்கோ" என்றார். எனக்கு வாய் வரவில்லை. பெட்டியின் பக்கத்தில் குப்புற விழுந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஆண்டவரே, எனக்கு அற்புதம் வேண்டாம். இந்த மனிசனுக்கு ஆறடி மண் தாரும்."

புதன்கிழமை காலை பத்து மணியளவில் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "மலர் சுடலை வாசலில இருக்கிறா!"

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. யார் செத்தாலும் வீட்டுப் படலையோடு நின்று அழுதுவிட்டுத் திரும்புவோம். நான் ஓடிப் போனேன். மழையில் நனைந்தபடி, கேற்றில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி மலர் இருந்தாள். சண்முகம் குடையோடு நின்றார்.

"பொம்பிளையள் இங்க வரக்கூடாது. எழும்புங்கோ."

"அத்தானுக்குக் குழி வெட்ட விடுங்கோ. எழும்புறன்."

"அவர் வேதக்காரன்."

"எங்கட அம்மா எரிஞ்ச விறகு முழுக்க அவர் கொத்தித் தந்தது. அண்டைக்கு அது வேதக்காரன்ர கையெண்டு உங்களுக்குத் தெரியேல்லையோ?"

அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அம்மா இறந்த அன்று என் கணவர் கடலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். விறகு கொத்தியதை எட்டு வருடங்களாக என்னிடம் சொல்லவே இல்லை. என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறார். என் விசுவாசத்துக்குப் பயந்திருக்கிறார்.

இன்னும் இரண்டு பெண்கள் வந்து மலருக்குப் பக்கத்தில் இருந்தார்கள். நானும் இருந்தேன். மதியம் சண்முகம் திறப்பைச் சேற்றில் எறிந்துவிட்டுப் போனார். மனம் மாறி அல்ல. பெண்கள் சுடலையில் இருப்பது அவருக்கு வேதக்காரனைப் புதைப்பதைவிடப் பெரிய தீட்டு.

பெட்டியை மூட முன் மலர் அவர் வாயில் ஒரு பிடி அரிசி போட்டாள். என்னையும் பார்த்தாள். நானும் போட்டேன். பாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கு விலை இருந்தது. அடுத்த திருவிழாவில் மலரின் பாற்குடத்தைக் கோயிலில் வாங்கவில்லை. சுடலை வாசலில் இருந்தவள், முதலில் பரிகாரம் செய்யட்டும் என்றார்கள். இங்கே, நம் சபையில், அந்த அரிசிக்காக எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நான் எழும்பவில்லை. மூன்று மாதம் என்னைச் செபிக்கக் கூப்பிடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் தண்டனை கொடுக்க ஒரே மாதிரித் தெரிந்திருக்கிறது.

இருந்தும் நான் விசுவாசி. காலையில் வேதத்தைத் திறக்காமல் தேநீர் குடிப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மலர் கோயிலுக்குப் போய் வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டு, விபூதியோடு என் வீட்டுக்கு வந்து மதியம் சாப்பிடுகிறாள். நான் அதைத் துடைக்கச் சொல்வதில்லை. அவள் என்னைக் கோயிலுக்கு வா என்பதில்லை. என் வாழ்க்கையில் மாறியது இதுதான்.

சகோதரர்களே, சகோதரிகளே, தேவனை நம்புங்கள். அவர் கேட்கிறார். நான் கேட்ட ஆறடி மண்ணை அவர் தந்தார். நான் ரோட்டில் நின்று தலையை ஆட்டி அனுப்பிய அந்தப் பெண்ணின் கையால்தான் தந்தார். தேவனோடு எனக்கு மனக்குறை இல்லை. நம்மோடுதான் இருக்கிறது. உங்களில் யாராவது சாமியின் பெயரால் ஒரு வீட்டுக்குப் போகாமல் இருந்தால், இந்தக் கூட்டம் முடிந்ததும் நேரே அங்கே போங்கள். யாராவது சாகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.