நூல் சுற்றிய மோதிரம்

அப்பா வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள, சின்ன வயதில் நான் அம்மாவின் கையைத்தான் பார்ப்பேன். வெள்ளை நூல் சுற்றிய தடித்த மோதிரம் அம்மாவின் நடுவிரலில் இருந்தால் அப்பா ஊரில் இல்லை. அதே மோதிரம் நூலில்லாமல் அப்பாவின் விரலில் இருந்தால், அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எதையோ நக்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

கல்லைத்தான் நக்குவார், வேறு எதையும் இல்லை. அப்பா ஜியாலஜிஸ்ட். பூமிக்கு அடியில் எங்கே தங்கம், எங்கே செம்பு என்று மலை மலையாகத் தேடிப் போகிற வேலை. ஈரம் பட்டால்தான் கல்லின் நிறமும் அதிலுள்ள தாது மணிகளும் தெளிவாகத் தெரியுமாம். காட்டில் கொண்டுபோகும் தண்ணீர் குடிக்கவே பற்றாது, அதனால் நாக்கு. அந்தப் பழக்கம் ஊருக்கு வந்தாலும் விடாது. சமையல் மேடைக்குக் கல் வாங்கப் போன கடையில், பாலிஷ் போடாத ஓரமாகப் பார்த்து ஒரு நக்கு நக்கினார். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா சட்டென்று பக்கத்துக் குழாய்க் கடைக்குள் போய், வேறு யாருடைய மனைவியோ மாதிரி நின்றுகொண்டாள்.

எங்கள் வீட்டுப் புகைப்படங்களையும் யாருக்கும் காட்ட முடியாது. பாறையைப் படம் எடுத்தால் அதன் உயரம் தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு சுத்தியலையோ ஆளையோ நிறுத்துவது அவர்கள் தொழில் வழக்கம். விடுமுறையில் வெளியே போனால் சாலை ஓரத்தில் வெட்டிவிட்ட பாறையைக் கண்டு வண்டியை நிறுத்துவார். "பாப்பா, அங்க போய் நில்லு" என்பார். நானும் புது கவுன் போட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்பேன். படம் வந்து பார்த்தால் பாறையின் ஒவ்வொரு வரியும் பளிச்சென்று இருக்கும், நான் ஒரு மூலையில் மங்கலாக நிற்பேன். என் வளர்ச்சியை அறிய விரும்புகிறவர்கள் பின்னால் இருக்கும் பாறைகளை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மழை ஓய்ந்ததும் கிளம்புவார், அடுத்த மழை தொடங்கும்போதுதான் திரும்புவார். கிளம்பும் நாளில் பையை வாசலில் வைத்துவிட்டு, பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றி நீட்டுவார். அம்மா உள்ளங்கையை விரிப்பாள். "வந்து வாங்கிக்குங்க" என்பாள். வேறு பேச்சு இருக்காது. அவர் தெரு திரும்பியதும் நூல்கண்டை எடுத்து வந்து, மோதிரத்தின் அடிப்பக்கத்தில் சுற்றிச் சுற்றிப் பருமனாக்கித் தன் விரலில் போட்டுக்கொள்வாள். அந்த மோதிரம் அம்மாவின் கையை விட்டு இறங்கும் நாள் வருமா என்பதுதான் மாதக்கணக்கில் எங்கள் வீட்டின் ஒரே கவலை.

இந்த வழக்கம் வந்த கதையை அம்மாவும் அப்பாவும் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இருவரும் சொன்னதில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்பா சொல்லும்போது அம்மா கொஞ்சம் அதிகமாகக் கோபப்படுவாள், அவ்வளவுதான்.

கல்யாணமாகி முதல் சீசன். கல்யாணத்தில் தான் போட்ட மோதிரத்தை என்ன ஆனாலும் கழற்றக் கூடாது என்று அம்மா பேருந்து நிலையத்தில் அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். புது மாப்பிள்ளை, எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார். ஆனால் அந்த வருஷம் அவர்கள் தேடிப் போனது தங்கத்தை. ஓடைகளில் மணலை அள்ளிச் சலித்து, பொடியைச் சின்னத் துணிப்பையில் கட்டி லேபுக்கு அனுப்ப வேண்டும். அதில் கோடியில் ஒரு பங்கு தங்கம் இருந்தாலே துள்ளிக் குதிப்பார்கள். அதனால் கேம்பில் யார் உடம்பிலும் பொட்டுத் தங்கம் இருக்கக் கூடாது. மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். அந்த டப்பாவை நீட்டிக்கொண்டு ஆள் ஆளாகப் போய் வாங்கியதே அப்பாதான். தன் மோதிரத்தை மட்டும் போடவில்லை. மேலே பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு, விரலில் அடி என்று சொல்லிவிட்டார்.

சீசன் பாதியில் லேபிலிருந்து முடிவு வந்தது. ஒரே ஓடையில் மேலிருந்து கீழ்வரை வரிசையாகத் தங்கம். கேம்பில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. மேலாளர் அன்றே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். துளை போடும் மிஷின் கிளம்ப ஏற்பாடாயிற்று. அந்தப் பகுதிக்கு அப்பாவே பொறுப்பு, பதவி உயர்வு, கூடவே பெரிய குவார்ட்டர்ஸ் என்றார்கள். அப்பாவும் ஆர்வக்கோளாறில் அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். அம்மா சொந்தக்காரர்கள் ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டு, குவார்ட்டர்ஸ் ஜன்னல் அளவைக் கேட்டுத் திரைச்சீலைத் துணியும் எடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது அப்பா பிளாஸ்திரியை மாற்றினார். உள்ளங்கைப் பக்கம் அது கிழிந்து தொங்கியது. அங்கே மோதிரம் மணலில் உரசி உரசிப் புத்தம் புதிதாக மின்னியது. ஈரத்துணியோடு ஓடிப்போய் முடிவுகளை எடுத்துப் பார்த்தார். தங்கம் வந்த அத்தனை பையும் அவர் கையால் சலித்தது. மற்றவர்கள் சலித்த எதிலும் ஒன்றுமில்லை.

மேலாளரிடம் சொன்னார். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாராம். "பேசாம இருப்பா. மிஷின் வரட்டும், நாலு துளை போடுவோம். ஒண்ணும் வரலைன்னா எல்லாரும் மண்ணைத்தான் திட்டுவாங்க. உன்னை யாரு கேக்கப் போறா?"

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அந்தத் தொழிலில் போடுகிற துளைகளில் பெரும்பாலும் வெறும் கல்தான் வரும். ஏன் வரவில்லை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

"அது மண்ணுல இருந்த தங்கம் இல்ல சார்" என்றார் அப்பா. "என் பொண்டாட்டி போட்ட மோதிரம்."

மிஷின் பாதி வழியில் திரும்பிப் போனது. அப்பா அதே ஓடையில் வெறும் கையோடு முதலிலிருந்து மணல் அள்ளினார். இந்த முறை லேபில் ஒரு துளி தங்கம்கூட வரவில்லை. பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. அப்பாவுக்கு 'மோதிரம்' என்ற பட்டப்பெயர் மட்டும் மிஞ்சியது.

மழை தொடங்கி வீடு வந்தவர், பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாராம். கூடத்தில் தைத்து முடித்த திரைச்சீலைகள் அடுக்கி இருந்தன.

"கழட்டலாமான்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?" என்றாள் அம்மா. "குடுங்க அதை. இனிமே நீங்க போகும்போதெல்லாம் என்கிட்ட இருக்கட்டும். வந்து வாங்கிக்குங்க."

பெரிய ஜன்னலுக்குத் தைத்த திரைச்சீலைகளை மடித்துத் தைத்து எங்கள் சின்ன ஜன்னலிலேயே மாட்டினாள். நான் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போகும் வரை அவை இருந்தன. கீழே பாதி உயரத்துக்கு மடிப்பு இருக்கும். அதற்குள் நான் பென்சில்களை ஒளித்து வைப்பேன்.

ஒரு வருஷம் மழை முன்னதாகப் பிடித்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேம்ப் மாட்டிக்கொண்டது. தகவல் இல்லை. அம்மா சமைத்தாள், துவைத்தாள், என்னைத் திட்டினாள், எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் மோதிரத்தைத் திருகித் திருகி நூல் அறுந்துகொண்டே இருந்தது. பக்கத்து நகைக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அளவைக் குறைத்துத் தரட்டுமா என்று கேட்டார். "வேணாம், அப்புறம் அவருக்குப் பத்தாது" என்று அம்மா வெடுக்கென்று சொன்னாள். அப்பா தாடியும் சேறுமாக வந்து சேர்ந்த அன்று, வாசற்படியிலிருந்தே கையை நீட்டினார். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் விரலில் மோதிரத்தை மாட்டிவிட்ட பிறகுதான் அழுதாள்.

விவரம் தெரிந்த வயதில் எனக்கு அப்பாமேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு. என் தோழியின் அப்பா கட்டிய பாலத்தில் தினமும் பேருந்து போகும். என் அப்பா வாழ்நாள் முழுக்க அலைந்தும் அவர் பெயரைச் சொல்ல ஒரு சுரங்கம் கிடையாது. ஒருநாள் வாய்விட்டே கேட்டேன், இத்தனை வருஷத்தில் என்னதான் கண்டுபிடித்தீர்கள் என்று.

"எங்கெல்லாம் இல்லைன்னு கண்டுபிடிச்சேன்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் இளைஞர்கள் பேசியதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. லேபிலிருந்து நல்ல முடிவு வந்தால், கொண்டாடுவதற்கு முன், "மோதிரம் பார்த்தாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்களாம். ஓர் இடத்தில் தங்கம் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டால், அங்கே இல்லவே இல்லையாம். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, தன் மோதிரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதுபோல எல்லோரையும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் எங்கள் வீட்டின் நல்ல காலம். மோதிரம் அப்பாவின் கையிலேயே இருந்தது. நூல்கண்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. காலையில் இருவரும் நடக்கப் போவார்கள். அப்பா எங்காவது குனிந்து கல்லை எடுத்தால், "வாயில வைக்காதீங்க" என்று அம்மா சொல்வாள். அவளை நிற்கவைத்து அவர் எடுத்த படங்களில் மட்டும் அம்மா தெளிவாக இருந்தாள், பின்னால் இருந்த பாறை மங்கியிருந்தது.

அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை என்று முடிவானது. உள்ளே கொண்டுபோகும் முன் நர்ஸ் வந்து, உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாது என்றார். விரல் வீங்கியிருந்ததால் சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. நர்ஸ் அதை வாங்கி ஒரு உறையில் போடக் கை நீட்டினார். அப்பா அவரைத் தாண்டி அம்மாவிடம் நீட்டினார். அம்மா உள்ளங்கையை விரித்தாள்.

"வந்து வாங்கிக்குங்க."

அப்பா தலையாட்டினார். அவர் வாக்குத் தவறியது அந்த ஒரு முறைதான்.

இப்போது மோதிரம் அம்மாவின் நடுவிரலில் இருக்கிறது. நூல் அழுக்கானால் அவிழ்த்துவிட்டுப் புதிது சுற்றுகிறாள். போன மாதம் என் வளையலைச் சரிசெய்ய அதே நகைக்கடைக்குப் போனோம். இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இப்படி நூல் சுத்திக்கிட்டு? குடுங்க, அளவைக் குறைச்சுத் தரேன்" என்றார்.

அம்மா கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. அப்புறம் அவருக்குப் பத்தாது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது என்று அம்மா காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பக்கத்துக் கடைக்குப் போனேன்.