எட்டாவது அடுப்பு

மசக்கையில் சிலருக்கு மாங்காய் கேட்கும், சிலருக்குப் புளி. எனக்கு அடுப்புச் சாம்பல். ஏழாம் மாதத்திலும் அது விடவில்லை. மாமியார் அசந்த நேரம் பார்த்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வேன். சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தீவில் நாங்கள் தங்கியதே இந்தத் திருட்டுத் தீனியால்தான்.

கோல சிலாங்கூரில், ஆறு கடலில் சேரும் இடத்தில், சதுப்புக் காட்டுக்கு நடுவே தீவாகக் கிடந்த தென்னந்தோட்டம் அது. அக்கரையில் பாசிர் பெனம்பாங்கிலிருந்து சம்பான் படகில் போக வேண்டும். வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்தில், காட்டில் ஒளிந்து சண்டைபோட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, அங்கங்கே சிதறிக் கிடந்த கூலி லயங்களையெல்லாம் ஒரே முள்கம்பி வேலிக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். தீவிலேயே மேடான இடத்தைத் தோட்டத்துத் துரை காட்டினார். ஆண்கள் வேலிக் கால் நடக் குழி தோண்டப் போனார்கள்.

மூன்றாம் நாள் மண்வெட்டியில் சிப்பி வந்தது. பிறகு கறுப்பு மண், எலும்பு, ஒரு பெரிய பானையின் வாய். எங்களை வேலை வாங்கும் மண்டோரே மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார்.

"தாழி லா இது! எங்க ஊருப் பக்கம் பொணத்த இதுலதான் வச்சுப் பொதச்சிருப்பாங்க. எலும்பு கெடக்கு, சாம்பல் கெடக்கு. சுடுகாடுதான்."

ஒருவரும் அதன்பிறகு தோண்டவில்லை. துரையோ வேறு இடம் கிடையாது என்றுவிட்டார். என் மாமியார் தன் மகனைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்.

"சுடுகாட்டு மேல புள்ள பெத்தா வெளங்குமா? இவள ஈஜோக்குக்கு அனுப்பிரு."

ஈஜோக்கில் என் சித்தப்பா வீடு. என் தலைப்பிள்ளை பிறந்தது அந்த வீட்டில்தான். மூன்றாம் நாள் போனதும் அங்கேதான். அந்த வாசற்படியை மறுபடி மிதிக்க எனக்குப் பயம். கூட வரக் கணவருக்கு அனுமதியும் இல்லை. ஊர் வம்புக்கெல்லாம் வாய் நீளமான நான், இதை மட்டும் மாமியாரிடம் சொல்ல முடியாமல் துணி மூட்டையைக் கட்டினேன்.

காலையில் சம்பான் வருவதற்குள் அந்தக் குழியை ஒரு தடவை பார்த்துவிடலாமென்று போனேன். வயிற்றுப்பிள்ளைக்காரி போகக்கூடாத இடம். மழையில் ஒரு பக்கம் சரிந்து, மண் கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாகத் தெரிந்தது. வெளுப்பு வரியைப் பார்த்ததும் நாக்கில் நீர் ஊறியது. கேடுகெட்ட நாக்கு! மெதுவாக இறங்கி, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன்.

"அடிப்பாவி! பொணச் சாம்பலத் தின்னுட்டியே!" மேலே மாமியார் தலையில் அடித்துக்கொண்டு நின்றார்.

"அடுப்புச் சாம்பல் அத்தை. எனக்குத் தெரியாத சாம்பலா?"

அடிக்கத்தான் இறங்கினார். என் கையைப் பிடித்து இழுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சாம்பலுக்கு நடுவே கரிபிடித்த மூன்று கற்கள். முந்தானையால் மண்ணைத் துடைத்தார். கற்களைச் சுற்றி மெழுகிய களிமண் வெந்து செங்கல்லாகியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரிச் சாம்பல், இன்னொரு அடுப்பு. அதற்குக் கீழும் ஒன்று. எலும்பென்று பயந்ததில் பாதி மீன் முள், மீதி பன்றித் தாடை.

மேலடுப்பின் களிமண்ணில் நாலு விரல் இழுத்த தடம் அழியாமல் இருந்தது. மாமியார் தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

"சுடுகாட்டுல எவ அடுப்பு மெழுகுவா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். "அஞ்சு, ஆறு, ஏழு. எத்தன தலமொறையா இங்கன ஆக்கித் தின்னுருக்காளுவ!"

சத்தம் கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். மண்டோரைக் கூப்பிட்டு, தாழிக்குள் கையை விடச் சொன்னார் மாமியார். அவர் கண்ணை மூடிக்கொண்டு துழாவி, கைநிறையச் சிப்பி ஓடு எடுத்தார். "ஒங்க பொணத்துக்குக் குழம்பு வைக்கலாம் போலிருக்கே, மண்டோரே," என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கும் வாய் வந்தது.

"நா ஈஜோக் போகல அத்தை. அங்க போனா இதுவும் போயிருமோன்னு பயமா இருக்கு."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று திட்டிக்கொண்டே மாமியார் என் மூட்டையை வாங்கிக்கொண்டார். சம்பான் ஆளில்லாமல் திரும்பியது.

வேலி எழுந்தது. கதவில் காவல் போட்டுப் பையையும் மடியையும் சோதித்தார்கள். அரிசி அளவோடுதான். ஆனாலும் புது வீட்டில் அந்த மூன்று கற்களையே வைத்து மாமியார் அடுப்புப் போட்டார். களிமண் பூசி, நாலு விரலால் இழுத்துவிட்டார்.

மகள் பிறந்தபோது வெந்நீர் அதில்தான் காய்ந்தது. மூன்றாம் நாள் முழுக்க நான் கண்ணை மூடவில்லை. பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். விடியும்போது என்னையறியாமல் அசந்துவிட்டேன் போலிருக்கிறது. வீறிட்ட அழுகையில் திடுக்கிட்டு விழித்தேன். நான்காம் நாள் பிறந்திருந்தது. மாமியார் அடுப்பை மெழுகிக்கொண்டிருந்தார்.

"பசிக்குதாம்," என்றார் திரும்பாமல். "எடுத்துப் பாலக் குடு."