அம்மன் பெயர் ஒட்டிய குப்பைத் தொட்டி

என்னைப் போன்ற ஸ்டிக்கர் கடைக்காரனுக்குக் காலையில் போன் வந்தால் பெரும்பாலும் "உரிஞ்சு வருதுங்க" என்ற புகாராகத்தான் இருக்கும். மரக்காணத்து உப்புக்காற்று அப்படி. தகரத்தை நல்ல தண்ணீரில் கழுவி, தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு வினைல் ஸ்டிக்கரை ஒட்டினாலும் ஓரம் தூக்கிக்கொள்ளும். அன்று வசந்தா சொன்னது வேறு.

"அண்ணே, ஸ்டிக்கர் நல்லாத்தான் இருக்குது. தொட்டியிலதான் ஒருத்தரும் குப்பை போட மாட்டேங்கிறாங்க. எடுத்துட்டுப் போன்னு மண்டபத்து மேனேஜர் கத்துறாரு. சீக்கிரம் வாங்கண்ணே."

வசந்தாவும் அவள் கணவரும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். மழைக்காலத்தில் அங்கே வேலை கிடையாது. அதனால் கடன் வாங்கி, ஒரு பழைய லாரியும் சில பெரிய இரும்புத் தொட்டிகளும் வாங்கி, குப்பை அள்ள வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார்கள். முதல் பெரிய வாடிக்கை இந்தக் கல்யாண மண்டபம். இங்கே பிடித்துப்போனால் எல்லா முகூர்த்தமும் அவர்களுக்குத்தான்.

என்னிடம் வந்தபோது அவள் கையில் அதிகம் இல்லை. போட்டோ பிரிண்ட் எல்லாம் வேண்டாம், பச்சை பெயின்ட் மேல் மஞ்சள் வினைலில் எழுத்து மட்டும் வெட்டிக் கொடுக்கிறேன், தூரத்திலேயே தெரியும் என்றேன்.

"பேரு என்னம்மா போடணும்?"

"அங்காளம்மன் தொட்டி சர்வீஸ். அம்மன் பேரு மட்டும் நல்லா பெருசா இருக்கணும்ண்ணே. அவளை நம்பித்தான் எறங்கியிருக்கோம்."

எங்கள் பக்கம் சாமி பெயர் இல்லாத கடை ஏது, ஆட்டோ ஏது? பெரிதாகவே வெட்டி ஒட்டிக் கொடுத்தேன்.

மண்டபத்துக்குப் போனால் முதல் பந்தி முடிந்திருந்தது. தொட்டி காலி. சுற்றிலும் எச்சில் இலைக் குவியல், அதற்குள் நாய்கள். யாரோ புண்ணியவான் எழுத்துக்குக் குங்குமம் வேறு வைத்திருந்தார். கூடையோடு நின்ற துப்புரவு அம்மாவிடம் ஏன் கொட்டவில்லை என்று கேட்டேன்.

"அம்மன் பேரு மேல எச்சில் இலையைக் கொட்டச் சொல்றியா? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீ வருவியாப்பா?"

சூடு காட்டிப் பசையை இளக்கும் ஹீட் கன்னை எடுத்தேன். வசந்தா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க சூடு காட்டுங்கண்ணே, நானே உரிக்கிறேன்" என்றாள். முதல் எழுத்து உரிந்து வரும்போதே அவள் கண்ணில் தண்ணீர்.

"என் கையாலயே அவ பேரை உரிக்கிறேனே..."

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. பாவமாகவும் இருந்தது.

"குப்பையில நின்னவளை வெளிய கூட்டிட்டு வர்றே. இதுக்குப் போய் அழுவுறியே!"

வசந்தா அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் கை வேகமாக ஓடியது.

தொட்டியில் 'தொட்டி சர்வீஸ்' என்பதும் போன் நம்பரும்தான் மிச்சம். அம்மன் பெயரின் கடைசி எழுத்து உரிந்து வந்ததுமே துப்புரவு அம்மா கூடையைக் கவிழ்த்தார். அடுத்த பந்தி முடிவதற்குள் தொட்டி பாதி நிரம்பிவிட்டது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "அடுத்த முகூர்த்தத்துக்கும் அனுப்பிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உரித்த எழுத்துகளை எங்கே போடுவதென்று தெரியாமல் வசந்தா முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் அதே பெயரைப் புதிதாக வெட்டி, லாரியின் நெற்றியில் ஒட்டினேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எழுத்தின் அளவு, கலர், விலை எல்லாம் அப்புறம். அந்தப் பொருளை எடுத்துப் புழங்கப்போகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள். வசந்தா கேட்டதை வெட்டிக் கொடுத்தேன். கூடையோடு நிற்கப்போகிறவரை நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை.