தபால் பெட்டிக்குத் தூக்கு பார்த்த கதை

மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். போன வாரம் ரிவர்ஸ் எடுத்ததில் வாசலில் இருந்த செங்கல் தபால் பெட்டி சரிந்தது. டெக்சாஸில் எங்கள் பேர்லேண்ட் ஊரில் வீட்டுக்கு வீடு இந்தத் தூண்தான். ஆள் கூப்பிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். "எதுக்கு? நானே கட்டறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

"நீ சூப்பர்வைஸ் பண்ணினவதானே? ஒரு கல்லாவது வெச்சிருக்கியா?"

வைத்ததில்லை. அதனால்தான் சுருக்கென்றது. நான் சிவில் என்ஜினியர் என்பதையே இந்த ஊரில் யாரும் நம்புவதில்லை. இந்தத் தூண் நேராக நின்றால் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செங்கல்லை நனைத்தேன். அந்த வாசனை இருக்கிறதே, நேராக ஈரோட்டு சைட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அங்கே என் கையில் எந்நேரமும் ஒரு தூக்குக்குண்டு இருக்கும். நூலைச் சுவரின் உச்சியில் பிடித்து, குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். சாய்வு தெரிந்தால் ஒரே சொல்தான்: "பிரிங்க." ஆறேழு பேர் முணுமுணுத்துக்கொண்டே கட்டின சுவரைப் பிரிப்பார்கள். "இந்தப் புள்ளைக்கு எப்பக் கல்யாணம் ஆகுமோ" என்று சித்தாள் ஒருத்தி என் காது படவே சாமியிடம் முறையிடுவாள். அவள் வேண்டுதல்தான் பலித்தது. கிளம்பும்போது மேஸ்திரி அந்தக் குண்டையே கொடுத்தார். "அமெரிக்காவுல செவுரெல்லாம் நேரா நிக்குதான்னு பாருங்க அம்மணி." இங்கே சுவரெல்லாம் அட்டை. குண்டு மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தது.

வீட்டுக்காரர் லேசர் மட்டம் வாங்கி வந்திருந்தார். டெக்சாஸ் வெயிலில் அதன் பச்சைக்கோடு தெரிந்தால்தானே! பெட்ஷீட்டைப் பந்தலாகப் பிடித்துக்கொண்டு தேடினார்.

"வெயில் சாஞ்சப்புறம் ஆரம்பிக்கலாமே" என்றேன்.

"நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிடணும்."

லேசரும் வேண்டும், ராகு காலமும் பார்க்க வேண்டும். என்ன மனுஷனோ!

"இட்ஸ் ஜஸ்ட் அ மெயில்பாக்ஸ், ம்மா" என்றாள், இடித்துத் தள்ளியவள்.

நான் குண்டை எடுத்தேன். காற்று அதை நிற்க விடவில்லை. ஆடி அடங்கும்வரை பொறுக்காமல், உத்தேசமாக ஒரு கண்ணை மூடிப் பார்த்து அடுக்கினேன். முடித்தபோது இருட்டிவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

அவர் சும்மா இருப்பாரா? லேசரைப் போட்டார். இப்போது கோடு பளிச்சென்று விழுந்தது. என் தூண் உச்சியில் ஒரு விரற்கடை வெளியே நின்றது.

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "விடு, யாருக்குத் தெரியப்போகுது" என்றார் பாவமாக.

"பிரிங்க" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எத்தனை காலம் ஆயிற்று!

அவர் மகளைப் பார்த்தார். அவள் போனைப் பார்த்தாள். கலவை இறுகுவதற்குள் நானே குனிந்து, மேல் கல்லைப் பெயர்த்தேன். முணுமுணுக்கக்கூட ஆள் இல்லை. அதையும் நானே செய்துகொண்டேன்.